மலை ஏறும் கால்களுக்கு இரும்பு

வணக்கம் நேயர்களே. தேயிலைத் தோட்டங்களில் பெண்களோடு பேசும்போது இரண்டு முறைப்பாடு அடிக்கடி வரும். இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டுக்குமே 'உடம்பில் சத்தில்லை' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் இரண்டும் வேறு வேறு கதை.

முதலில் கால் பிடிப்பு. தசைக் கலத்துக்குள்ளும் வெளியேயும் சோடியமும் பொட்டாசியமும் இடம் மாறுவதால்தான் மின்துடிப்பு உண்டாகிறது. துடிப்பு வந்ததும் உள்ளே சேமித்திருக்கும் கல்சியம் வெளியாகித் தசையைச் சுருங்க வைக்கும். அது திரும்பச் சேமிப்புக்குள் போனால்தான் தசை தளரும். அதற்குச் சக்தி செலவாகும். மக்னீசியத்தின் துணையில்லாமல் அந்தச் சக்தி பயன்படாது.

சரி, உடனே மக்னீசியம் மாத்திரை வாங்க பார்மசிக்கு ஓட வேண்டாம். வயதானவர்களின் இரவுப் பிடிப்புக்கு அது பெரிதாக உதவுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. காலை நீட்டி, விரல் நுனியை முழங்கால் பக்கமாக மடக்கிப் பிடியுங்கள். பெரும்பாலும் விட்டுவிடும்.

எனக்குக் கவலை மூச்சு வாங்குவதுதான். அதற்குப் பல காரணம் இருக்கலாம். பெண்களிடம் முதலில் பார்க்க வேண்டியது இரும்புக் குறைவு. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கும், தசைக்குள் அதை வைத்திருக்கும் மயோகுளோபினுக்கும் இரும்பு வேண்டும். மாதவிடாயில் அது மாதாமாதம் போகிறது. போதாததற்கு, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஒட்சிசன் கொழும்பை விடக் குறைவு.

வேடிக்கை என்னவென்றால், நாம் பறிக்கும் கொழுந்தே இதில் குறுக்கே நிற்கிறது. ரொட்டி, பருப்பு, கீரையில் உள்ள இரும்பைத் தேயிலையில் இயல்பாக உள்ள பொலிபீனோல் என்ற பொருட்கள் குடலிலேயே பிடித்து வைத்துவிடும். தேத்தண்ணியை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? நானே விடமாட்டேன். சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். மலையில் ரொட்டி சாப்பிடும்போது தண்ணீர்; தேத்தண்ணி அப்புறம். வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிந்தால் விற்றமின் சி கீரையின் இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். கொஞ்சம் நெத்தலியோ இறைச்சியோ சேர்ந்தால் இன்னும் நல்லது.

களைப்பு நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை: கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையையும் கல்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்காதீர்கள். கல்சியம் இரும்பைச் சேரவிடாது. மிட்வைப் மிஸ் சொன்னபடி வேறு வேறு நேரத்தில் எடுங்கள், தண்ணீரோடு.