கையில் மிஞ்சிய ஓடு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பண்டைய மக்களின் வாழ்வைப் பெரிதும் காட்டுவது கல்வெட்டா, பானை ஓடா என்பது தலைப்பு. நான் பானை ஓட்டின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய கல்வெட்டு அணி அண்ணன், இறங்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். "எங்கள் பக்கம் பல்லவன் இருக்கிறான், சோழன் இருக்கிறான். எதிரணிக்குக் கடைசியில் கையில் மிஞ்சப்போவது ஓடுதான்." நீங்களும் கை தட்டினீர்கள். சரி. கையில் ஓடு மிஞ்சிய ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1944. மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயர் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநராக வருகிறார். பட்டாளத்திலிருந்து வந்தவர். அந்த வருடமே சென்னை அருங்காட்சியகத்துக்கு வருகிறார். அங்கே ஓர் அலமாரி. உள்ளே கையை விட்டுத் துழாவுகிறார். என்ன தட்டுப்பட்டது? பொற்காசா? ஐம்பொன் சிலையா? இல்லைங்க. உடைந்த ஜாடியின் கழுத்து. அதோடு ஒட்டிய நீளமான கைப்பிடி. அவ்வளவுதான்.

பிரிட்டனில் ரோமானியர் வாழ்ந்த ஊர்களைத் தோண்டித் தோண்டிப் பழகிய கை அது. பிடித்த பிடியிலேயே தெரிந்துவிட்டது: மத்தியதரைக் கடல் நாட்டார் மது ஊற்றி அனுப்பும் ஆம்போரா ஜாடி! அது சென்னை அலமாரிக்குள் எப்படி வந்தது? எங்கே கிடைத்தது என்று கேட்கிறார். பாண்டிச்சேரியில் என்கிறார்கள். அண்ணன் காதில் விழ இன்னொரு தடவை சொல்கிறேன்: சாசனம் இல்லை, அரசன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி இல்லை, ஒரு எழுத்துகூட இல்லை. கழுத்தும் கைப்பிடியும்தான். அந்த ஓட்டுத் துண்டு ஒரு தலைமை இயக்குநரையே பாண்டிச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனது.

அப்போது அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பக்கத்திலிருந்த அரிக்கமேடு என்ற பழைய மேட்டின் அருமையை ழுவோ துப்ராய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் முன்பே உணர்ந்திருந்தார். பொது நூலகத்துக் கண்ணாடிப் பெட்டிகளில் அந்த மேட்டுச் சில்லுகள் இருந்தன. வீலர் குனிந்து பார்க்கிறார். மறுபடியும் ஆம்போரா. பக்கத்திலேயே சிவப்பாக மினுங்கும் மெல்லிய தட்டின் துண்டுகள். இத்தாலியில் அரேட்சோ என்ற ஊரில் செய்த தட்டு! இத்தாலியில் சாப்பிட வைத்த தட்டு அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் கிடக்கிறது என்றால், அந்த மனிதர் அன்றிரவு தூங்கியிருப்பாரா?

1945இல் அரிக்கமேட்டைத் தோண்டினார். இங்கேதான் ஓட்டின் வேலையைப் பார்க்க வேண்டும். அரேட்சோ தட்டின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும், கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியது. அது எந்த மண் அடுக்கில் கிடந்ததோ, அதே அடுக்கில் நம்மூர்த் தட்டுகளும் கிடந்தன. உள்பக்கம் வட்டவட்டமாகப் புள்ளிக்கோடு ஓடும் தட்டுகள். வந்த தட்டுக்குக் காலம் தெரிந்தால், கூட இருந்த தட்டுக்கும் காலம் தெரியும். அப்புறம் 1947இல் கர்நாடகத்தில் பிரம்மகிரியைத் தோண்டியபோது அதே புள்ளிக்கோட்டுத் தட்டு வந்தது. அங்கேயும் கணக்குத் தீர்ந்தது. அண்ணன் ஏளனம் செய்த ஓடுதான் தென்னிந்திய அகழாய்வுக்கே காலக்கணக்கைக் கொடுத்தது. கையில் மிஞ்சினால் இப்படி ஓர் ஓடு மிஞ்ச வேண்டும் ஐயா!

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயரும் வீடும் இருக்கிறதே என்றார் அண்ணன். இருக்கிறது. ராஜராஜன் கொண்டுவந்து குடிவைத்து நெல் கொடுத்ததால் இருக்கிறது. அவர்களுக்குச் சோறாக்கக் குடம் சுமந்தவள் பெயர் எந்தச் சுவரில் இருக்கிறது? கல்வெட்டில் இடம்பிடிக்க ஒரு தானமாவது கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும். ஓட்டில் இடம்பிடிக்க ஒரு பானை வைத்திருந்தால் போதும்.

கீழடியில் சுட்ட பானையின் மேல் கூரான எதையோ வைத்துக் கீறியிருக்கிறான், ஆதன் என்று. இன்னொன்றில் குவிரன் ஆதன்.  பெயரை எழுதிவைக்க அவன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எகிப்தில் செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகம். அங்கே உடைந்த ஜாடி ஒன்றில் தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் 'பானை ஒறி' என்று எழுதியிருப்பதை எழுத்தாய்வு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். உறியில் தொங்கவிட்ட பானை. நம் வீட்டு அடுக்களையில் தொங்கிய அதே உறி. கடல் தாண்டிப் போனவன் அங்கேயும் ஓர் உறி கட்டியிருக்கிறான். எந்த அரசனின் மெய்க்கீர்த்தி இந்த மனிதனைப் பாடும்?

நடுவர் அவர்களே, மணியைக் கொஞ்சம் பொறுத்து அடியுங்கள். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் ஈமத்தாழி ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே நெல் உமி. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள், ஏறத்தாழ 3,200 ஆண்டு என்று வந்தது. எல்லோரும் அந்த எண்ணைப் பேசினார்கள். எனக்கு அந்த எண்ணில் மனம் நிற்கவில்லை. செத்துப்போனவரை மண்ணுக்குள் வைக்கும்போது, போகிற இடத்தில் பசிக்குமே என்று ஒரு கை அந்த நெல்லை எடுத்துப் போட்டிருக்கிறதே, அந்தக் கை யாருடையது? அம்மாவா? மகளா?

புறநானூற்றின் 256ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி குயவனிடம் கேட்கிறாள். வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த சின்ன வெள்ளைப் பல்லி மாதிரி, இவரோடு எத்தனையோ காடு கடந்து வந்துவிட்டேன். இவருக்குச் செய்கிற தாழியை எனக்கும் சேர்த்து அகலமாகச் செய்யேன் என்கிறாள். அம்மா, அந்தத் தாழி எங்கள் மண்ணில் இன்னும் கிடக்கிறது. நீ கேட்ட மாதிரியே செய்தானா, இல்லையா? எங்களுக்குத் தெரிய வேண்டும் தாயே.

தெரிய வேண்டுமென்றால் அது உடையாமல் இருக்க வேண்டும். இந்த அவையில் வீடு கட்டுகிறவர்கள் இருப்பீர்கள், கிணறு வெட்டுகிறவர்கள், ஜேசிபி ஓட்டுகிறவர்கள் இருப்பீர்கள். கடைக்கால் தோண்டும்போது வாய் அகன்ற பெரிய தாழி தட்டுப்பட்டால் தயவுசெய்து வேலையை நிறுத்துங்கள். உள்ளே இருப்பதை வெளியே எடுத்துக் கொட்டாதீர்கள். எது எந்த அடுக்கில் கிடந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாசில்தார் அலுவலகத்துக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். தீர்ப்பு எங்கள் பக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் செய்யுங்கள். நன்றி, வணக்கம்.