திருவாடானையில் ஐந்து வெற்றி, எனக்கு ஒரு கிலோ நண்டு!

வணக்கம் மக்களே, தொண்டியிலிருந்து பேசுகிறேன். கடற்கரையில் மைக்கை மாட்டிக்கொண்டு பேசாதே, காற்றுதான் கேட்கிறது என்று போன வீடியோவில் பாதிப் பேர் திட்டினீர்கள். பரவாயில்லை, இன்றைக்கு வீட்டுக்குள் உட்கார முடியாது, பந்தயத்தில் ஜெயித்திருக்கிறேன்.

நம் வீடியோக்களில் முகம் காட்டாமல் குரல் மட்டும் கொடுப்பானே ஒரு மச்சான், அவனோடுதான் டீக்கடையில் சண்டை. "நம்ம திருவாடானைத் தொகுதியில காங்கிரஸ் எம்எல்ஏவா இருந்த கே.ஆர். ராமசாமி ஜெயிச்சதெல்லாம் கூட்டணிக் கணக்குடா, தனியா நின்னு ஜெயிச்சாரா?" என்றான். ஒரு கிலோ நீலக்கால் நண்டு பந்தயம்.

1989 என்றேன். அந்த வருடம் காங்கிரஸ் மூப்பனார் தலைமையில் யாரோடும் சேராமல் நின்றது. மொத்தம் 26 இடம்தான். அதில் திருவாடானையும் ஒன்று. அவ்வளவுதான், ஆள் பேச்சு மூச்சில்லை.

இப்போது தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் நண்டு. விலையைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கு! "அரைக் கிலோவா வாங்கிக்கடா" என்று கெஞ்சினான். விடுவேனா? சதை கட்டாத பஞ்சு நண்டைத் தள்ளிவிடப் பார்த்தார்கள், காலை அழுத்திப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அதையும் வீடியோ எடுத்திருக்கிறேன், கடைசியில் போடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 89-க்குப் பிறகு 91-இல் அதிமுக கூட்டணி, ஜெயித்தார். 96-இல் திமுக கூட்டணி, ஜெயித்தார். 2001-இல் மறுபடி அதிமுக, 2006-இல் மறுபடி திமுக. கூட்டணி மாறிக்கொண்டே இருந்தது, ஆள் மாறவில்லை. ஒரே தொகுதியில் தொடர்ந்து ஐந்து முறை! ஆங், ஒன்றை விட்டுவிட்டேன், 96-லும் 2001-லும் அவர் கை சின்னத்தில் நிற்கவில்லை, மூப்பனார் ஆரம்பித்த தமிழ் மாநில காங்கிரஸில் (தமாகா) சைக்கிள் சின்னம். அப்புறம் கட்சி காங்கிரஸோடு இணைந்ததும் பழையபடி கை. சின்னத்தைப் பார்த்து மட்டும் இங்கே ஓட்டு விழவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தக் குடும்பத்துக்கும் இந்தத் தொகுதிக்கும் உள்ள பழக்கம் இன்னும் பழையது. அப்பா கரியமாணிக்கம் அம்பலம் 62-லும் 67-லும் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியில் நின்று ஜெயித்தவர். 2021-இல் ஜெயித்த கருமாணிக்கம், ராமசாமியின் மகன். தாத்தா, அப்பா, பேரன். எனக்கு வாரிசு அரசியல் அறவே பிடிக்காது, உங்களுக்குத் தெரியும். ஆனால் நடுவில் 2011-இல் திமுகவின் சுப. தங்கவேலன், 2016-இல் இரட்டை இலையில் நின்ற நடிகர் கருணாஸ் என்று ஜனங்கள் ஆளை மாற்றியும் பார்த்திருக்கிறார்கள். அதனால் சும்மா தூக்கிக் கொடுத்த சீட்டு என்று சொல்லிவிட முடியாது.

மச்சான் நண்டுக்குக் காசு கொடுத்த வயிற்றெரிச்சலில், "89-ல நாலுமுனைப் போட்டிடா, அதிமுகவே ஜெயலலிதாவோட ஜெ அணி, ஜானகியோட ஜா அணின்னு உடைஞ்சு கிடந்துச்சு, அதான் தப்பிச்சார்" என்றான். அது நியாயம்தான். ஆனால் ஓட்டுப் பிரிந்தது எல்லாத் தொகுதியிலும்தானே? எல்லாக் காங்கிரஸ்காரரும் ஜெயித்துவிட்டார்களா?

எனக்கு உறுத்துவது வேறு. இத்தனை தடவை ஜெயித்தும் ஒரு தடவைகூட அமைச்சர் இல்லை. 67-க்குப் பிறகு காங்கிரஸ் இங்கே ஆட்சிக்கே வரவில்லையே! 2006-இல் திமுகவுக்கு 96 இடம்தான், காங்கிரஸின் 34 பேர் தயவில்தான் ஆட்சி நடந்தது, அப்போதும் வெளியிலிருந்து ஆதரவு என்று சொல்லிவிட்டு ஒரு இலாகாகூட வாங்கவில்லை. 2016-இல் காரைக்குடியில் ஜெயித்துப் போனபோது சட்டமன்றக் காங்கிரஸ் தலைவர் பதவி கிடைத்தது, கட்சிக்கு இருந்ததே எட்டுப் பேர்! அந்த 2006-இல் கேட்டிருந்தால் நம் கடற்கரைக்கு ஒரு மந்திரி கிடைத்திருப்பாரா இல்லையா? திமுக கொடுத்திருக்காது என்கிறான் இவன். நீங்கள் சொல்லுங்கள், இந்தத் தடவை பணம் வைத்துப் பந்தயம்.