ஈஸ்ட் செல்லில் புரதத்துக்கு எத்தனை நிமிட ஆயுள்?

நண்பர்களே, ஒரு புரதம் செல்லில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் போதாது. எவ்வளவு வேகமாக உருவாகி, எவ்வளவு வேகமாக அழிகிறது என்று பார்க்க வேண்டும். உற்பத்தியும் அழிவும் சேர்ந்துதான் அந்த அளவைத் தீர்மானிக்கின்றன.

1986-ல் உயிர்வேதியியலாளர் அலெக்சாண்டர் வார்ஷாவ்ஸ்கியின் குழு, பீட்டா-கேலக்டோசிடேஸ் புரதத்தின் முதல் அமினோ அமிலத்தை மட்டும் மாற்றி ஈஸ்ட்டில் சோதித்தது. முதலில் மெத்தியோனின் நின்றால் அரை ஆயுள் (புரதம் பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 20 மணி நேரத்துக்கும் மேல். ஆர்ஜினின் நின்றால் சுமார் 2 நிமிடம்! ஆர்ஜினினை யூபிஆர்1 என்ற நொதி அடையாளம் கண்டு, புரதத்தின் லைசின் அமினோ அமிலத்தின் மீது யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தைச் சங்கிலியாகக் கோக்கிறது. சங்கிலி ஏறிய புரதத்தைப் புரோட்டியாசோம் என்ற புரதம் வெட்டும் அமைப்பு பிடித்து, ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) செலவில் மடிப்பைப் பிரித்து உள்ளே இழுத்துத் துண்டாக்குகிறது. யூபிக்விட்டின் மட்டும் கழன்று மறுபடி பயன்படுகிறது.

புரோட்டியாசோம் போதவில்லை என்றால்? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இருக்கிறது. புரோட்டியாசோம் மரபணுக்களை இயக்கும் ஆர்பிஎன்4 புரதத்தையே புரோட்டியாசோம் சில நிமிடங்களில் அழித்துவிடும். வேலை குவிந்து புரோட்டியாசோம் திணறும்போது ஆர்பிஎன்4 தப்பிச் சேர்கிறது. புதிய புரோட்டியாசோம்கள் உருவாகின்றன. நெருக்கடி தீர்ந்ததும் ஆர்பிஎன்4 மறுபடி அழிகிறது. தனியாக ஓர் உணர்கருவியே தேவையில்லை.

இனி அளக்கும் முறை. வேகமாக வளரும் நிலையில் உள்ள செல்களில், மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் சைக்ளோஹெக்சிமைடு சேருங்கள். புது உற்பத்தி நிற்கும். 0, 10, 20, 40, 60 நிமிடங்களில் சம அளவு மாதிரி எடுத்து, செல்லின் வேலை அப்படியே நிற்க, உடனே பனியில் வைத்த சோடியம் அசைடுக்குள் விடுங்கள். வெஸ்டர்ன் பிளாட்டில் (எதிர்பொருள் கொண்டு புரத அளவைக் காணும் சோதனை) பிஜிகே1 போன்ற நீண்ட ஆயுள் புரதத்தை ஒப்பீட்டுக்கு வையுங்கள். புரதத்தின் அரை ஆயுள் 5 நிமிடம்தான் என்று சந்தேகம் இருந்தால் இந்த இடைவெளி உதவாது. 0, 2, 4, 8 என்று எடுக்க வேண்டும்.

தவறு நேரும் இடங்கள் சில உண்டு. புரோட்டியாசோமைத் தடுக்கும் எம்ஜி132 மருந்தைக் கொடுத்தும் புரதம் நிலைக்கவில்லை என்றால், 'இது புரோட்டியாசோம் வேலை இல்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சாதாரண ஈஸ்ட்டில் அந்த மருந்து போதுமான அளவு தங்குவதில்லை. செல் சவ்வில் உள்ள பிடிஆர்5 பம்ப் அதை வெளியேற்றிவிடும். பிடிஆர்5 மரபணு நீக்கிய ஈஸ்ட் வகையில் செய்யுங்கள். செல் சவ்வுப் புரதமாக இருந்தால் வாக்குவோலில் (செல்லுக்குள் பொருள்களைச் சிதைக்கும் பை) அழியும் வாய்ப்பு அதிகம். வாக்குவோலின் புரதம் வெட்டும் நொதிக்கான பிஇபி4 மரபணு நீக்கிய வகையில் நிலைக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சைக்ளோஹெக்சிமைடு யூபிக்விட்டின் உற்பத்தியையும் நிறுத்துகிறது; நேரம் போகப் போக அதன் இருப்பு குறையும், அழிவின் வேகமும் தளரலாம். வரைபடம் பிற்பகுதியில் தட்டையானால் புரதம் நிலைத்துவிட்டது என்று எழுதாதீர்கள். தொடக்கப் புள்ளிகளின் சரிவிலிருந்து அரை ஆயுளைக் கணக்கிடுங்கள்.