ஆடாத கிளப் காப்பாற்றிய ஆட்டக்காரர்

(காரைக்காலில் ஒரு கால்பந்து மன்றத்தின் ஆண்டு விழாவில் பேசியது. கேட்டவர்கள் விரும்பியதால் எழுதித் தந்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகராட்சிப் பெருமக்களே, தங்கள் பிள்ளைகளை வெயிலில் ஆட அனுமதிக்கும் நல்ல மனம் கொண்ட தலைமையாசிரியர்களே, வேறொரு கல்யாணத்தை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, மைதானத்துக்கு இன்றைக்கு மட்டும் தண்ணீர் தெளித்துக் கொடுத்த ஊழியர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பின்னால் மதில் மேல் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். பேர் சொல்லி அழைத்தால் யாராவது ஒருவர் விட்டுப்போவார், அப்புறம் அடுத்த வருஷம் வரை முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஆகையால் பதவியை மட்டும் சொன்னேன், பொறுத்தருள்க. போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. இதற்குக் கொடுத்த காசில் நம் கோல்கீப்பர் தம்பிக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கியிருக்கலாம். சரி, அதை அப்புறம் பேசிக்கொள்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'ஒரு டிஃபெண்டரின் வாழ்க்கை'. பிரான்ஸ் அணியில் கோல் விழாமல் தடுக்கும் டிஃபெண்டராக ஆடிய லிலியான் துராமைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மூன்று விஷயங்கள் சொல்லப்போகிறேன். ஒன்று, அவர் ஆடிய கிளப்புகள். இரண்டு, பிரான்ஸ் நாட்டுக்காக அவர் ஆடியது. மூன்று, இத்தாலிக்காரர்கள் டிஃபென்ஸை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது. மூன்றாவதற்குப் படம் கூட வரைந்து சுருட்டிக் கொண்டுவந்திருக்கிறேன்.

காரைக்காலில் துராமுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவர் பிறந்தது கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவில், 1972 ஜனவரி 1. நம் ஊரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் 1854 தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் கப்பல் கப்பலாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்களே, கரும்புத் தோட்ட வேலைக்கு, அதே குவாதலூப். இன்றைக்கும் அங்கே மாரியம்மன் கோயில் இருக்கிறது. துராம் நம் வழி வந்தவர் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழி வந்தவர். ஆனால் இரண்டு கூட்டமும் வெட்டியது ஒரே கரும்பைத்தான்.

என் அம்மா ஒரு பழமொழி சொல்வார். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். வெள்ளம் வருமுன் அணை போடு. அரசலாறு கரைபுரண்டு ஓடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கால்பந்தில் டிஃபெண்டர்தான் அந்த அணை. கோல் போட்டவனைத் தோளில் தூக்குவோம். அணையை யார் தூக்குவார்கள்? உடைந்தால்தான் அதைப் பற்றிப் பேச்சே வரும்.

துராமின் அம்மா ஐந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். அவர் முதலில் பிரான்சுக்குப் போய், வீடுகளைத் துடைத்து வேலை செய்து, பிறகு பிள்ளைகளை அழைத்துக்கொண்டார். 1981ல் பாரிஸ் பக்கம் வந்து இறங்கியபோது துராமுக்கு 9 வயது. ஃபோன்தேன்புளோவில் போர்ச்சுகீசியக் குடியேறிகள் நடத்திய ஒரு சின்ன கிளப்பில் ஆடத் தொடங்கினார். அங்கிருந்து மெலன், அப்புறம் மொனாக்கோ. மொனாக்கோவில் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர். 1996ல் இத்தாலியின் பார்மாவுக்குப் போனார். கோல்கீப்பர் புஃபோன், பக்கத்தில் கன்னவாரோ, இவர். இந்த மூவரையும் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது வங்கிப் பெட்டகத்தைத் திறப்பது மாதிரி. 1999ல் மாஸ்கோவில் மார்செய் அணியை 3-0 என்று அடித்து, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யுஇஎஃப்ஏ கோப்பையை எடுத்தார்கள். 2001ல் யுவென்டஸ். புஃபோனையும் இவரையும் ஒரே கோடையில் வாங்கினார்கள். அங்கே இரண்டு லீக் பட்டம், 2003ல் மான்செஸ்டரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் பெனால்டியில் தோல்வி. 2006ல் யுவென்டஸ் நிர்வாகம் நடுவர் விவகாரத்தில் சிக்கி இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டபோது, 34 வயதில் பார்சிலோனாவுக்குப் போனார். 2008 வரை அங்கே. தொடக்கத்தில் ஆடிய சின்ன கிளப்புகளை விட்டால் இத்தோடு நான்கு கிளப். ஐந்தாவது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், கொஞ்சம் பொறுங்கள்.

நாட்டுக்காக 1994 ஆகஸ்டில், செக் குடியரசுக்கு எதிராக முதல் ஆட்டம். அதே ஆட்டத்தில்தான் ஜிதானும் முதல்முறை இறங்கினார். ஜிதான் இரண்டு கோல் போட்டார், மறுநாள் யாரைப் பற்றி எழுதியிருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். துராம் மொத்தம் 142 ஆட்டங்கள் ஆடினார். 2022 உலகக் கோப்பையில் கோல்கீப்பர் லோரிஸ் தாண்டும் வரை பிரான்சில் அதுதான் அதிகம். இந்த 142ல் அவர் போட்ட கோல்கள் எத்தனை? இரண்டு. இரண்டும் ஒரே ராத்திரியில்.

அந்த ராத்திரியைச் சொல்லாமல் இறங்கினால் என்னை வீட்டில் சேர்க்க மாட்டார்கள்.

1998 ஜூலை 8, உலகக் கோப்பை அரையிறுதி, பிரான்சும் குரோஷியாவும். நமக்கு அது நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை மணி. மாங்கனித் திருவிழா சமயம், மறுநாள் பௌர்ணமி. எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். கலர் டி.வி. அவர் வீட்டில்தான் பெரியது. அதைத் திண்ணைக்குத் தூக்கிவந்து, பூத்தொட்டி வைக்கும் முக்காலியின் மேல் வைத்துவிட்டார். நாங்கள் நாற்பது பேர் தெருவில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஆளுக்கொரு மாம்பழம். கோயிலில் பிடித்தது என்று சொல்லிக்கொண்டோம், பாதி மார்க்கெட்டில் வாங்கியது. தாத்தா மட்டும் நாற்காலியில், பனியனும் லுங்கியும், மார்பில் ஒரு பதக்கம். பிரெஞ்சு தேசிய கீதம் வந்ததும் எழுந்து சல்யூட் அடித்தார். நாங்களும் எழுந்தோம், மாம்பழத்தோடு.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கிய உடனே குரோஷியாவின் சூக்கர் கோல் அடித்தார். ஏன் அடிக்க முடிந்தது தெரியுமா? சூக்கரை ஆஃப்சைடில், அதாவது கோல் போட்டாலும் செல்லாத இடத்தில், மாட்டவைக்க மற்ற டிஃபெண்டர்கள் எல்லாம் முன்னால் ஏறிவிட்டார்கள், நம் ஆள் துராம் மட்டும் ஓரமாகப் பின்தங்கி நின்று அதைக் கெடுத்துவிட்டார். தாத்தா துராமைத் தமிழில் திட்டிப் போதாமல் பிரெஞ்சிலும் திட்டினார். "அந்தப் பயலை வெளியே அனுப்பு!" என்று கைத்தடியால் முக்காலியைத் தட்டினார். அந்த நொடி கரண்ட் போனது. தாத்தா தட்டியதால்தான் போனது என்று பாதிப் பேர், திருவிழா விளக்குகளால் போனது என்று மீதிப் பேர். ஊர் முழுக்க இருட்டு, மேலே நிலா மட்டும்.

ஐந்து நிமிஷத்தில் கரண்ட் வந்தது. பார்த்தால் 1-1. யார் போட்டது? தாத்தா சொன்னார், "ஜிதான்." ஒருவர் ஹென்றி என்றார், இன்னொருவர் பிளாங் என்றார். பந்தயம் கட்டினார்கள், பத்து ரூபாய், இருபது ரூபாய். ரீப்ளே வந்தது. குரோஷியாவின் போபான் காலிலிருந்து பந்தைப் பிடுங்கி, ஜோர்க்காயெஃபிடம் கொடுத்துவிட்டு, நிற்காமல் ஓடி, திரும்ப வாங்கி அடிக்கிறார் ஒருவர். துராம்! தாத்தா நம்பவில்லை. "டிஃபெண்டர் அங்கே எதற்குப் போனான்?" என்று கேட்டார். சுமார் எழுபதாவது நிமிஷம் அதே துராம், இடது காலால், பெட்டிக்கு வெளியிலிருந்து வளைத்து அடித்து இரண்டாவது கோல். அடித்துவிட்டு முட்டிபோட்டு உட்கார்ந்து, விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, இது எப்படி நடந்தது என்று யோசிப்பவர் மாதிரி ஒரு போஸ் கொடுத்தார். தாத்தா பதக்கத்தைக் கழற்றி டி.வி. பெட்டிக்குக் குத்தப் பார்த்தார். குத்த இடமில்லாததால் அதன் மேல் வைத்தார். பந்தயத்தில் ஒருவரும் ஜெயிக்கவில்லை, பணம் முழுவதும் மறுநாள் டீக்கடைக்குப் போனது. பிரான்ஸ் அந்த உலகக் கோப்பையை வென்றது, 2000ல் யூரோ கோப்பையையும் வென்றது, 2006ல் பெர்லினில் பெனால்டியில் இத்தாலியிடம் தோற்றது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, ஐந்தாவது கிளப்புக்கு வருகிறேன்.

2008. பார்சிலோனாவை விட்டு பாரிஸ் சேன்-ஜெர்மேன் கிளப்புக்கு வருவதாகப் பேச்சு. கையெழுத்துக்கு முன்னால் வழக்கமான மருத்துவப் பரிசோதனை. அதில் இதயத்தில் ஒரு கோளாறு தெரிந்தது. அவருடைய சகோதரர் ஒருவர் கூடைப்பந்து ஆடும்போது இதயக் கோளாறால்தான் இறந்திருந்தார். அன்றைக்கு இவருக்கு வயது 36. ஆகஸ்டில் ஓய்வு அறிவித்தார். பாரிஸ் சட்டையைப் போட்டு ஒரு நிமிஷம்கூட ஆடவில்லை. என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையிலேயே பெரிய கிளப் அதுதான். மற்ற நான்கும் அவருக்குக் கோப்பையும் காசும் கொடுத்தன. இது அவரை உட்கார வைத்தது. அதே வருஷம் நிறவெறிக்கு எதிராகப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு அறக்கட்டளை தொடங்கினார். மகன்கள் மார்க்கஸும் கெஃப்ரெனும் பிரான்சுக்கு ஆடுவதை உட்கார்ந்து பார்க்கிறார்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்றேனே, அந்தப் பரிசோதனைதான் அணை. பார்க்கத் தவறியபோது என்ன நடக்கும்? 2003ல் லியோன் மைதானத்தில் கேமரூனின் மார்க் விவியன் ஃபோயே ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்தார். 2007ல் ஸ்பெயினின் செவியா அணி டிஃபெண்டர் அந்தோனியோ புயேர்த்தா ஆட்டத்தில் சரிந்து, மூன்று நாளில் மருத்துவமனையில் இறந்தார். இவர்கள் பெரிய அணிகள், டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். 2012ல் பெங்களூரில் ஒரு லீக் ஆட்டத்தில் ஓர் இளைஞர் விழுந்தபோது மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். காப்பாற்ற முடியவில்லை.

இத்தாலியில் 1982 முதல் போட்டிகளில் இறங்கும் விளையாட்டுக்காரர்கள் வருஷா வருஷம் மருத்துவச் சான்று காட்ட வேண்டும், ஈ.சி.ஜி. உட்பட. வெனிஸ் நகரம் இருக்கும் வெனேத்தோ பகுதியில் இளம் ஆட்டக்காரர்களின் திடீர் மரணம் அதன் பிறகு பத்தில் ஒன்பது பங்கு குறைந்தது. பத்து வருஷம் இத்தாலியில் ஆடிய துராமுக்கு அங்கே ஏன் தெரியவில்லை என்று மருத்துவர் ஐயா புன்னகைக்கிறார். ஒரு தடவை பார்த்தால் போதாது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? பார்த்தும் தவறுவதுண்டு. ஃபியோரென்டினா கேப்டன் அஸ்தோரி, அவரும் டிஃபெண்டர், 2018ல் இத்தாலியிலேயே ஹோட்டல் அறையில் தூக்கத்தில் இறந்தார். அணையும் சில நேரம் உடையும்தான். அதற்காக அணையே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே.

நான் சொல்வது பெரிய செலவு இல்லை. இதயச் சுவர் தடித்துப்போவது, இதயத்தின் மின்துடிப்பு தடம் புரள்வது, இவற்றில் பல குடும்ப வழியில் வருபவை. நடக்கும்போது தெரியாது, மூச்சுவாங்க ஓடும்போது காட்டும். ஆட்டத்தில் மயங்கி விழுந்த பையனுக்குச் சோடா கொடுத்து எழுப்பி மறுபடி இறக்குகிறோம் பாருங்கள், அதை நிறுத்த வேண்டும். வீட்டில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்தார்களா என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். அப்புறம் ஒரு ஈ.சி.ஜி. பத்து நிமிஷ வேலை.

அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் போட்டிக் குழுவிடம் இதைக் கேட்டுப் போனேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். "எங்களிடம் ஐஸ் பெட்டியும் ஸ்ப்ரேயும் இருக்கிறது சார்" என்றார்கள். முழங்கால் வீங்கினால் ஐஸ் வைக்கலாம். இதயம் நின்றால் எங்கே வைப்பது? நின்ற இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவி ஒன்று இருக்கிறது, சூட்கேஸ் அளவுதான். ஒவ்வொரு நிமிஷத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைந்துகொண்டே போகும். 2021ல் கோபன்ஹேகனில் டென்மார்க்கின் எரிக்சன் விழுந்தார். முதலில் ஓடிவந்தது யார்? சிமோன் கியேர், டிஃபெண்டர். பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து மூச்சுக்கு வழிசெய்தார். மற்றவர்களைச் சுற்றி நிற்கவைத்து கேமரா கண்ணிலிருந்து மறைத்தார். நெஞ்சை அழுத்தினார்கள், கருவியை வைத்தார்கள், எரிக்சன் கண் திறந்தார். மறு வருஷம் திரும்ப ஆடவும் வந்தார். அந்தக் கருவி நம் மைதானத்தில் ஒன்று வேண்டும். நகராட்சிப் பெருமக்கள் முன்வரிசையில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். மேடையில் தலையாட்டினால் போதும், கையெழுத்து நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இத்தாலி டிஃபென்ஸ் படம் சுருட்டியபடியே இருக்கிறது. தலைவர் மணியடிக்கிறார். அதை இன்னொரு நாள் விரிக்கிறேன்.

மருத்துவர் ஐயா வரும் ஞாயிறு காலை நம் பையன்களுக்கு இலவசமாக ஈ.சி.ஜி. எடுக்கச் சம்மதித்திருக்கிறார். வாசல் பக்க மேசையில் நோட்டு வைத்திருக்கிறேன். என் பேரன் பேரை முதலில் எழுதியாகிவிட்டது, அவனுக்கு இன்னும் தெரியாது. தலைமையாசிரியர்கள் அணிப் பட்டியலைக் கொடுத்துவிட்டால் நானே எழுதிக்கொள்வேன். டேய் கோல்கீப்பர் தம்பி, மதில் ஏறி எங்கே குதிக்கிறாய்? பேரை எழுதிவிட்டுப் போ. கையுறை ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் கொடுப்பேன்.