முதல் வீடும் ஞாயிற்றுக்கிழமைத் தூண்டிலும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தாமான்கள் எனப்படும் குடியிருப்புகளிலும் பழைய வீடுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். முதல் வீடாக ஒரு பழைய வீட்டை வாங்கிவிட்டு, எதில் முதலில் கை வைப்பது என்று தெரியாமல் நிற்கும் தம்பி தங்கைகளுக்காக இன்று பேச வந்திருக்கிறேன்.

ரப்பர்த் தோட்டத்தில் நம் பாட்டன் பாட்டி வாழ்ந்த லயத்து வீடு, அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடு, தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. கூரை ஒழுகினால் கிராணியிடம், அதாவது தோட்டத்து எழுத்தரிடம், சொல்லிவிட்டு, ஆள் வரும்வரை சட்டி பானைகளில் தண்ணீர் பிடிக்க வேண்டும். வேலை போனால் வீடும் போகும். 1950களில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது எத்தனையோ குடும்பங்கள் கூலியையும் கூரையையும் சேர்த்தே இழந்தன. அந்த வேதனைக்கு விடையாகத்தான், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டத்துக்கே பங்குதாரர்கள் ஆனார்கள். அந்த மக்களின் பேரப்பிள்ளை இன்று தன் பெயரில் வீட்டுப் பத்திரம் வைத்திருக்கிறது என்றால், அது இரண்டு அறை மலிவுவிலை வீடாகவே இருக்கட்டும், எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

ஆனால் வீட்டைப் பராமரிக்கும் பழக்கம் நமக்குத் தலைமுறை வழியாக வரவில்லை. அப்படி வந்தது தூண்டில். ஒரு மூங்கில் கழி, தக்கை, முள், ஈயக்குண்டு, தேங்காய்ச் சிரட்டையில் மண்புழு. வேலை முடிந்த பிற்பகலில் தோட்டத்து வாய்க்காலோரம் உட்கார்ந்து விராலும் கெளுத்தியும் பிடித்தவர்கள் நம் பெரியவர்கள். கையில் காசில்லாத காலத்தில் அவர்களுக்கு வாய்த்த சந்தோஷம் அது. வீடு வாங்கியவுடன் பலர் முதலில் கைவிடுவதும் அந்தச் சந்தோஷத்தைத்தான். ஞாயிறெல்லாம் சிமெண்டு, சம்பளமெல்லாம் கடன். தரையில் புதுப் பளிங்கு மின்ன, வீட்டுக்குள் சிரிப்பே இல்லாத இடங்களில் நான் வேலை செய்திருக்கிறேன்.

அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன்: வீட்டை மெதுவாகச் சரி செய்யுங்கள், தூண்டிலை விட்டுவிடாதீர்கள். மெதுவாகச் செய்வதென்றால் எது முன்னே, எது பின்னே என்பது சரியாக இருக்க வேண்டும்.

கூரைதான் முதலில். நம் வட்டாரத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் மறுபடியும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வலுக்கும். அந்த மழைக்கு நடுவே டார்ச் விளக்கோடு சீலிங் பலகையைத் தூக்கிப் பாருங்கள். வெயில் நாளில் எந்தக் குத்தகையாளருக்கும் தெரியாதது அப்போது தெரியும். தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ண வேண்டாம். விட்டத்தின் வழியே நெடுந்தூரம் ஓடி வந்து ஓரிடத்தில் சொட்டும். ஈரத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும். தகரக் கூரையென்றால் பெரும்பாலும் ஆணித் தலைக்கடியில் உள்ள ரப்பர் வளையம் உளுத்திருக்கும். ஓட்டுக் கூரையென்றால் இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் இலை அடைத்திருக்கும். இதற்காகக் கூரை முழுவதையும் மாற்றச் சொல்லும் ஆளிடம் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய வீடுகளின் கூரைத் தகடும் சீலிங்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருக்கலாம். சும்மா இருக்கும்வரை அதனால் பெரிய கெடுதல் இல்லை. அறுத்தால், துளைத்தால், உடைத்தால் பறக்கும் தூசு நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். சந்தேகம் இருந்தால் நீங்களே சுத்தியலை எடுக்காதீர்கள். குழந்தை இருக்கும் வீட்டில் இதை மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

அடுத்தது மின்சாரம். அந்தக் காலத்தில் நாலு விளக்கு, ஒரு மின்விசிறி என்று கணக்குப் போட்டு இழுத்த கம்பியில் இன்று குளிர்சாதனம், சுடுநீர்க் கருவி, சலவை இயந்திரம் எல்லாவற்றையும் மாட்டுகிறோம். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழைத்துச் சோதியுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற சுவிட்சு இருக்கிறதா என்று கேளுங்கள். குளியலறைச் சுடுநீர்க் கருவிக்குத் தனியாக 10 மில்லி ஆம்பியர் அளவில் ஒன்று வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே சுவிட்சு தானாகக் கீழே விழவில்லை என்றால் அது உங்களைக் காப்பாற்றாது.

மூன்றாவது கரையான். நம் தாமான்கள் பலவும் பழைய ரப்பர்க் காட்டின் மேல் எழுந்தவை. மண்ணுக்குள் கிடக்கும் மரக்கட்டைகள் கரையானுக்குச் சோறு. கதவு நிலையைத் திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். பொள்ளென்று கேட்டால் உள்ளே ஒன்றுமில்லை. சுவரில் பென்சில் தடிமனுக்கு மண்கோடு ஏறியிருந்தால், அதைத் துடைத்துவிட்டுச் சாயம் அடிப்பதால் பயனில்லை, மருந்து மண்ணுக்குள் போக வேண்டும். ஒழுகும் குழாயையும் அன்றே அடையுங்கள். ஈரம் இருக்கும் இடத்தைத் தேடித்தான் கரையான் வருகிறது.

பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டுவோருக்கு ஒரு வார்த்தை. கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் அனுமதி பெற்றுக் கட்டுங்கள். பழைய வீடு தன் அடித்தளத்தில் இறுகி நிற்கிறது, புதிதாகக் கட்டிய பகுதி இனிமேல்தான் இறங்கும். அதனால் இரண்டும் சேரும் இடத்தில் வெடிப்பு வரும். அதில் சிமெண்டு பூசினால் மறுபடியும் வெடிக்கும். நெகிழ்ந்து கொடுக்கும் பசையைத்தான் அடைக்க வேண்டும்.

தரைப் பளிங்கு, கேபினட், சாயம் எல்லாம் இவற்றுக்குப் பிறகு. விருந்தினர் கண்ணுக்குத் தெரிவது அதுதான் என்பதால் எல்லோரும் அதிலேயே தொடங்குகிறார்கள். கூரையும் கம்பியும் சரியான வீட்டில் பழைய சாயத்தோடு நிம்மதியாகத் தூங்கலாம். மற்றதை வருடத்துக்கு ஒன்றாகச் செய்துகொள்ளலாம். அப்படி மிச்சமாகும் ஞாயிற்றுக்கிழமைகளை ஆற்றுக்குக் கொடுங்கள்.

நமக்கு ஆற்றுக்குக் குறையில்லை. தீபகற்பத்தில் பகாங் ஆற்றுக்கு அடுத்தபடியாக நீளமானது பேராக் ஆறு. அதில் போய்ச் சேரும் பிளஸ் ஆறு நம் வாசலிலேயே ஓடுகிறது. விலையுயர்ந்த கழியும் ரீலும் தொடக்கத்தில் தேவையில்லை. இரைகூட நம் மண்ணிலேயே கிடைக்கும். செங்காயான செம்பனைப் பழத்தை முள்ளில் கோத்துப் போட்டால் லம்பாம், பாத்தின் என்ற ஆற்றுமீன்கள் தேடி வரும். கெளுத்திக்குக் கோழிக்குடல். விராலுக்கு, புல் மண்டிய கரையோரம் ரப்பர்த் தவளையைத் தத்தித் தத்தி இழுக்க வேண்டும். அது தண்ணீரைப் பிளந்து கவ்வும்போது உடம்பே அதிரும். மனைவி பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். வீட்டில் கடனைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த இருவர், தக்கையைப் பார்த்துக்கொண்டே வேறு எதையெதையோ பேசத் தொடங்குவார்கள்.

கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் மீன் நிறைய உண்டு. ஆனால் கரை திடீரென்று சரியும், ஓரத்திலேயே ஆள் மூழ்கும் ஆழம். பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகாதீர்கள். காலில் காயம் இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக் காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. இடி முழங்கினால் உடனே கழியைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் போய்விடுங்கள். இப்போது விற்கும் கார்பன் கழிகள் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளுக்குக் கீழே தூண்டில் வீசுவதும் அதே ஆபத்து.

மின்சாரம் பாய்ச்சியும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். அப்படிச் செய்கிறவர்கள் குஞ்சுமுதல் கொன்று ஆற்றையே மலடாக்குகிறார்கள். பார்த்தால் புகார் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீர்ப்பரப்பில் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் கொப்பளித்துக்கொண்டு நகர்வதைப் பார்த்தால், அதன் கீழே விரால் இனத்துத் தோமான் மீனின் தாயும் தகப்பனும் காவல் காத்து வருகின்றன. அந்த நேரத்தில் எதை வீசினாலும் கோபத்தில் கவ்வும், அதனால் பிடிப்பது எளிது. பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். சிக்கினாலும் முள்ளைக் கழற்றி அதே இடத்தில் விட்டுவிடுங்கள். குழம்புக்குத் திலாப்பியா இருக்கிறது. அது வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே பெருகிய மீன், தாராளமாகப் பிடியுங்கள்.

நன்றி, வணக்கம்.