ரோசெட்டா தார்ப்பின் கிட்டார்

அனைவருக்கும் வணக்கம்.

ராக் அண்ட் ரோல் என்றதும் எல்விஸ் பிரெஸ்லி, சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் என்று பெயர்கள் மளமளவென்று வந்து விழும். இவர்கள் எல்லாருக்கும் முன்னால் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லியாக வேண்டும். சிஸ்டர் ரோசெட்டா தார்ப். 1915-இல் அர்கன்சா மாநிலத்தின் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. அவருடைய அம்மா ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர், மாண்டலினும் வாசிப்பார். அவர்களுடைய சபையில் கைதட்டலும் தாளமும் ஆட்டமும் இல்லாமல் வழிபாடே கிடையாது. அங்கேதான் மகள் சிறு வயதிலேயே கிட்டாரும் கையுமாக மேடை ஏறினார்.

1938-இல் நியூயார்க்கில் டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடினார். அதே ஆண்டில் காட்டன் கிளப் என்ற இரவுக் கேளிக்கை விடுதியிலும் பாடினார். குடியும் கூத்தும் நடக்கிற இடத்தில் தேவனைப் பாடுவதா என்று சபையார் பலர் கொதித்தார்கள். அவர் கோயிலையும் விடவில்லை, கிளப்பையும் விடவில்லை. அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் ராக் அண்ட் ரோல் வேறு மாதிரி இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

1944-இல் 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே' என்ற பாடலைப் பதிவு செய்தார். பியானோ வாசித்தவர் சாமி பிரைஸ். மறு ஆண்டு, கறுப்பின இசைக்கென்று பில்போர்ட் என்ற இசைப் பத்திரிகை வைத்திருந்த பட்டியலில் அது 2-ஆம் இடம் வரை போனது. எல்விஸ் சன் நிறுவனத்தில் தன் முதல் இசைத்தட்டைப் போட்டது 1954-இல், சக் பெர்ரி 1955-இல். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, அவர் கிட்டாரில் அப்படி என்னதான் செய்தார்? அந்தக் காலத்தில் பாடுகிறவர் கையில் கிட்டார் இருந்தால் பெரும்பாலும் பாட்டுக்குத் துணையாகத்தான் இருக்கும். ரோசெட்டா ஒரு வரியைப் பாடி நிறுத்துவார், அடுத்த வரியைக் கிட்டார் பாடும். ஒற்றைத் தந்தியில் பாய்ந்து போகும் அந்தப் பதில் வரிகள் பின்னாளில் மின்கிட்டாரில் உறுமின. இன்றைக்கு எந்த ராக் குழுவிலும் பாட்டு நின்று கிட்டார் தனியாகக் கிளம்புகிற இடம் ஒன்று வருமே, அங்கே எனக்கு இவர்தான் கேட்கிறார்.

1947-இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகர அரங்கில் கச்சேரிக்கு முன் ஒரு 14 வயதுப் பையன் இவருடைய பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தான். காதில் விழுந்ததும் அவனைத் தன் மேடையிலேயே ஏற்றிப் பாடவைத்தார், அப்புறம் கையில் பணமும் கொடுத்தார். அந்தப் பையன்தான் லிட்டில் ரிச்சர்ட். ரோசெட்டாவோடு ஊர் சுற்றிய ஜோர்டனேர்ஸ் என்ற வெள்ளையர் குழுதான் பிறகு எல்விஸுக்குப் பின்பாட்டுப் பாடியது. நிறவெறிச் சட்டங்கள் இருந்த அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் உணவகத்துக்குள் விடமாட்டார்கள், விடுதியில் அறை தரமாட்டார்கள், பேருந்திலேயே தூங்கியிருக்கிறார். இவ்வளவுக்கும் நடுவில்தான் அந்தக் கச்சேரிகள் எல்லாம்.

1964 மே மாதம். மான்செஸ்டரில் ரயில் ஓடாத ஒரு பழைய நிலையத்தில் கிரானடா தொலைக்காட்சி படமெடுக்கிறது. ஒரு நடைமேடையில் இளைஞர் கூட்டம், தண்டவாளத்துக்கு அப்பால் எதிர் நடைமேடையில் கலைஞர்கள். மழை. குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார் ரோசெட்டா, உடம்பில் கனத்த கோட்டு. வெள்ளை கிப்சன் கிட்டாரை மாட்டிக்கொண்டு, மழைக்குப் பொருத்தமாக நோவா காலத்துப் பெருமழையைப் பாடும் 'டிடின்ட் இட் ரெய்ன்' பாடலையே எடுக்கிறார். 49 வயது. கிட்டார் தனியாக வரும் இடத்தில் அந்த முகத்தைப் பாருங்கள், வாசிக்கிறவருக்கே சந்தோஷம் தாங்கவில்லை!

1973-இல் பிலடெல்பியாவில் காலமானார். 30 ஆண்டுகளுக்கு மேல் அவருடைய கல்லறையில் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. பாடகர் ஜானி கேஷ் 1992-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோதே இவர் பெயரைச் சொன்னார். மண்டபம் இவரைச் சேர்த்தது 2018-இல், அதுவும் 'தொடக்ககாலத் தாக்கம்' என்ற பிரிவில். எனக்கு அது போதவில்லை. தூரத்தில் நின்று தாக்கம் தந்தவரா இவர்? மற்றவர்கள் வருவதற்கு முன்பே அந்த இசையை வாசித்துக்கொண்டிருந்தவர். கலைஞர்களுக்கான முதன்மைப் பிரிவில்தான் அவர் பெயர் இருக்க வேண்டும்.

இப்போது அந்த 1944 பாடலைப் போடுகிறோம். கிட்டாரைக் கவனித்துக் கேளுங்கள். நன்றி.