கடலில் பிறந்து புல்வெளிக்கு வந்த பாட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

கௌபாய் படம் என்றதும் காதில் முதலில் விழுவது குதிரைக் குளம்பொலி. அடுத்தது ஒரு பாட்டு. அந்தப் பாட்டின் ஊரைத் தேடிப் போனால், அது அமெரிக்க மேற்குப் பகுதியில் இருப்பது அபூர்வம்.

1939இல் ஜான் ஃபோர்ட் இயக்கிய 'ஸ்டேஜ்கோச்' படத்தைப் பாருங்கள். வறண்ட நிலத்தில் குதிரை வண்டி ஓடுகிறது. பின்னணியில் ஆர்க்கெஸ்ட்ரா எடுத்தாள்வது மாடு மேய்ப்பவர்களின் பழைய பாட்டு. சாகக் கிடப்பவன் ஒருவன், 'இந்தத் தனிப் புல்வெளியில் என்னைப் புதைத்துவிடாதீர்கள்' என்று கெஞ்சும் பாட்டு அது. அந்தப் பாட்டுக்கு மூலமாக இருந்தது, எட்வின் சாப்பின் எழுதி 1839இல் அச்சான ஒரு கவிதை. அதில் புல்வெளியே கிடையாது. கப்பலில் உயிர் பிரியப்போகும் இளைஞன், 'ஆழ்கடலில் என்னைப் புதைக்காதீர்கள்' என்கிறான். யாரோ கடலை எடுத்துவிட்டுப் புல்வெளியை வைத்தார்கள். துக்கம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. இப்படி நாட்டுப்பாடல்களைக் கோத்த அந்தப் படத்தின் இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது.

அதே படத்தில் ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்கள் ஒருத்தியை 'நடத்தை கெட்டவள்' என்று ஊரைவிட்டே விரட்டுகிறார்கள். அப்போது ஒலிப்பது, 'ஆற்றங்கரையில் ஒன்றுகூடுவோமா' என்கிற தேவாலயப் பாட்டு. குத்தலுக்கு வேறு வசனம் எதற்கு? அந்தப் பாட்டை 1864இல் எழுதிய பாதிரியார் ராபர்ட் லவ்ரி அப்போது இருந்தது கிழக்குக் கரையில், நியூயார்க்கின் புரூக்ளினில்.

புரூக்ளினை நினைவில் வையுங்கள். பரந்த வெளியை இசையில் கேட்கச் செய்த ஆரன் கோப்லாண்டும் அந்த ஊர்க்காரர்தான். 1938இல் 'பில்லி த கிட்' என்ற கௌபாய் கதைப் பாலே நாடகத்துக்கு அவர் இசையமைத்தபோது, சுரங்களை நெருக்கி அடுக்காமல் எட்ட எட்ட நிறுத்தினார். நடுவில் விட்ட இடைவெளியே காதுக்கு வெட்டவெளியாகிறது. பிறகு 'தி பிக் கன்ட்ரி' படத்துக்கு இசையமைத்த ஜெரோம் மோராஸும் புரூக்ளின்தான். 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' படத்தின் இசையைத் தந்த எல்மர் பெர்ன்ஸ்டைன் நியூயார்க்கில் பிறந்தவர். 'ஹை நூன்' படத்தின் திமித்ரி தியோம்கினோ உக்ரைனில் பிறந்து ரஷ்யாவில் பயின்றவர். அதன் இசைக்கும் பாட்டுக்குமாக இரண்டு ஆஸ்கர் வாங்கினார்.

இந்த வாத்தியக் கூட்டங்களுக்குள் ஒரு அசிங்கமும் உண்டு. செவ்விந்தியர் திரையில் தலைகாட்டினால் போதும், 'டம் டம்' என்று ஒரே மாதிரிப் பறையொலி. மாடு மேய்ப்பவனின் பாட்டை ஊர் ஊராகத் தேடியவர்கள், அந்த மண்ணின் மூத்த குடிகளின் இசையைக் கேட்கப் பெரும்பாலும் மெனக்கெடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு பாட்டு இத்தாலிக்குப் போன கதை. 'ப்ரெட்டி பாலி' என்றொரு கொலைக்கதைப் பாட்டு. இங்கிலாந்தில் தெருவில் விற்ற பாட்டுத்தாளிலிருந்து கிளைத்து, அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் ஊன்றியது. அந்த மெட்டில் அமெரிக்க நாட்டுப்பாடகர் வூடி கத்ரி, ஊர் ஊராய்ப் பிழைப்பு தேடிய விவசாயக் கூலிகளைப் பாடினார். ரோமில் இசையமைப்பாளர் என்னியோ மோரிகோனே அதைச் சாட்டையொலி, மணியொலி எல்லாம் சேர்த்து ஒரு பாடகருக்காக அமைத்தார். அதைக் கேட்ட இயக்குநர் செர்ஜியோ லியோனே மயங்கிவிட்டார். பாடகரின் குரலை நீக்கி, அந்தப் பின்னணியின் மேல் புது மெட்டை அலெஸ்ஸாந்த்ரோ அலெஸ்ஸாந்த்ரோனியை விசிலடிக்க வைத்தார்கள். 1964இல் வந்த 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' படத்தின் முகப்பிசை அதுதான். படம் பிடித்ததோ ஸ்பெயினில்!

அடுத்த ஆண்டு வந்த 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்' முகப்பிசையில் 'டொய்ங்' என்று அதிருமே, அது நம் கச்சேரி மேடை மோர்சிங்கின் உறவுக்காரக் கருவி. சிசிலியில் அதை மர்ரான்ஸானோ என்பார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தைத் தொடர்ந்து போகும் மோர்சிங்கையே கேட்டுப் பழகியவர்களுக்கு, துப்பாக்கிக்காரனுக்கு முன்னால் அது தனியாக அதட்டுவது புதிதாக இருக்கும். இந்த உரை முடிந்ததும் அந்த இசையைத்தான் ஒலிபரப்புகிறார்கள். வானொலியின் ஒலியைச் சற்றுக் கூட்டிவையுங்கள்.